புகைபோக்கியில் எவ்வளவு தூசி? அளப்பது எப்படி என்று தெரிந்துகொள்வோம்



நமது கூட்டமைப்புக் கூட்டங்களில் சேமிப்பு, கடன், வட்டி, தணிக்கை என்று பேசுவோம். இந்த இதழில் கொஞ்சம் மாறுதலாக, ஊர் ஓரத்தில் நிற்கும் ஆலைப் புகைபோக்கியைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கும் நம் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

நமது பகுதியில் ஒரு கிராமம். ஊர் எல்லையில் ஓர் அரிசி ஆலை. நெல் அவிப்பதற்கு உமியை எரித்து பாய்லர் ஓட்டுகிறார்கள். அந்த ஊரில் ஒரு குழு, வங்கிக் கடன் வாங்கி வடகம், வத்தல், அப்பளம் போட்டு விற்கிறது. இன்னொரு குழுவில் பாதிப் பேர் அந்த ஆலையிலேயே களத்து வேலை பார்க்கிறவர்கள். ஆலையில் நெல் அவிக்கிற நாட்களில் மாடியில் காயப்போட்ட வடகத்தின் மேல் கறுப்புப் புள்ளி விழுகிறது. கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுகிறார். கொடியில் போட்ட துணியும் அப்படித்தான்.

குழுத் தலைவி நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஆலைக்குப் போனார். ஆலைக்காரர் மரியாதையாகவே உட்கார வைத்தார். ஒரு பரிசோதனைக் கூடம் கொடுத்த அறிக்கையை எடுத்துக் காட்டினார். அதில் ‘துகள்: வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இருந்தது. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஓர் அக்கா நம்மைக் கேட்டார்: "காகிதம் சரின்னு சொல்லுது, வடகம் தப்புன்னு சொல்லுது. எதை நம்பறது மேடம்?"

நமக்கும் பதில் தெரியவில்லை. சமூகப் பணி படித்த நமக்குப் புகைபோக்கியைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டோம், படித்தோம், அளவு எடுப்பதைக் கீழே நின்று பார்த்தோம். அதில் நமக்குப் புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

புகையில் என்ன இருக்கிறது?

புகை என்பது சூடான வாயு மட்டும் இல்லை. அதில் எரியாத கரி, சாம்பல், மண் தூசி என்று பலவகைத் துகள்கள் மிதந்து வருகின்றன. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சரியாக எரியாத கரி சேரும்போதுதான் அது கறுப்பாகத் தெரிகிறது.

துகள்களின் அளவை மைக்ரான் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 50 முதல் 70 மைக்ரான். 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள் மூச்சுக் குழாய்க்குள் போகின்றன. 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவற்றை நுண்துகள் என்கிறோம். இவை நுரையீரலின் அடி வரைக்கும் போய்த் தங்குகின்றன. அதில் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கும் நுண்துகளுக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. விறகு அடுப்புப் புகையில் இருப்பதும் இதே நுண்துகள்தான் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். வடகத்தில் விழும் கறுப்புப் புள்ளி பெரிய துகள். அது கண்ணுக்குத் தெரியும், சீக்கிரம் கீழே விழுந்துவிடும். மூச்சில் போகும் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது, சீக்கிரம் கீழேயும் விழாது. காற்றோடு வெகுதூரம் போகும். ஆக, வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தால் காற்று சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

எப்படி அளக்கிறார்கள்?

புகையின் நிறத்தைப் பார்த்து எண் எழுத முடியாது. எடை போட வேண்டும். 1985-இல் வெளியான ஐ.எஸ். 11255 என்ற இந்தியத் தர ஏட்டின் முதல் பகுதி இதற்கான முறையைச் சொல்கிறது. சுருக்கமாகப் பார்ப்போம்.

1. ‘திம்பிள்’ என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. தையல் வேலை செய்கிறவர்கள் விரலில் மாட்டும் உறை போலவே, ஆனால் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதை ஈரம் இல்லாமல் காய வைத்து, நகைக்கடைத் தராசைவிட நுணுக்கமான தராசில் எடை போட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

2. புகைபோக்கியின் பக்கத்தில் அளவெடுப்பதற்கென்றே ஒரு துளை இருக்க வேண்டும். அங்கே ஏறிப் போக ஏணியும், நின்று வேலை செய்ய மேடையும் வேண்டும்.

3. முதலில் ‘பிட்டோ குழாய்’ என்ற கருவியை உள்ளே விட்டுப் புகை எவ்வளவு வேகத்தில் மேலே போகிறது என்று பார்க்கிறார்கள். வெப்பம், ஈரம், வாயுக்களின் அளவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள்.

4. பிறகு நுனியில் சிறிய மூக்கு உள்ள குழாயை உள்ளே விட்டு, பம்ப் வைத்துப் புகையை உறிஞ்சுகிறார்கள். புகை திம்பிள் வழியாக வரும்போது துகள் அதில் தங்கிவிடும். வாயு மட்டும் வெளியே வரும். எவ்வளவு வாயு வந்தது என்பதை ஒரு மீட்டர் காட்டும்.

5. ஒரே இடத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. புகைபோக்கியின் குறுக்கே ஓரம், நடு, மறு ஓரம் என்று கணக்குப்படி பல புள்ளிகளில் நகர்த்த வேண்டும். ஏனென்றால் தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

6. கடைசியில் திம்பிளை மறுபடி காய வைத்து எடை போடுகிறார்கள். கூடிய எடைதான் தூசி.

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம்: நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் 50 நிமிடம் உறிஞ்சினால் 1000 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர். திம்பிளின் எடை 80 மில்லிகிராம் கூடியிருந்தால், ஒரு கன மீட்டர் வாயுவில் 80 மில்லிகிராம் தூசி. அவ்வளவுதான் கணக்கு. நம் குழு வரவு செலவை விடச் சுலபம்.

ஆனால் நம் வரவு செலவில் எங்கே தப்பு நடக்கும்? கூட்டலில் தப்பு வருவது குறைவு. ரசீது சரியா, தேதி சரியா, யார் எழுதினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கும். இங்கேயும் அப்படித்தான்.

எண் எங்கெல்லாம் தவறலாம்?

முதலாவது, துளை இருக்கும் இடம். வாய்க்கால் திரும்பும் இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடும், மணல் ஒரு பக்கமாக ஒதுங்கும். கொஞ்ச தூரம் நேராக ஓடிய பிறகுதான் சீராகும். புகையும் அதே மாதிரிதான். அதனால் வளைவுக்கோ இணைப்புக்கோ மேலே, புகைபோக்கியின் உள் விட்டத்தைப் போல 8 மடங்கு தூரமும், புகை வெளியேறும் வாய்க்குக் கீழே 2 மடங்கு தூரமும் விட்டு அளப்பது விதி. விட்டம் 50 சென்டிமீட்டர் என்றால், வளைவிலிருந்து 4 மீட்டர் மேலே, வாயிலிருந்து 1 மீட்டர் கீழே. அந்த அளவு நேர்ப்பகுதி இல்லை என்றால் இன்னும் அதிகப் புள்ளிகளில் அளக்க வேண்டும்.

இரண்டாவது, உறிஞ்சும் வேகம். இதுதான் இந்த வேலையின் உயிர். புகை எந்த வேகத்தில் மேலே போகிறதோ, அதே வேகத்தில்தான் மூக்குக்குள்ளும் போக வேண்டும். இதை ‘ஐசோகைனெடிக்’ முறை என்கிறார்கள். சம வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இது முக்கியம்? நெல் தூற்றும்போது பார்த்திருக்கிறோம். பதர் காற்றோடு வளைந்து போய்விடும். நெல்மணி கனம், காற்றுக்கு வளையாமல் நேரே விழும். புகைக்குள்ளும் இதே கதைதான். பம்பை அதிக வேகமாக உறிஞ்ச விட்டால், பக்கத்தில் இருக்கும் வாயுவும் வளைந்து மூக்குக்குள் வரும். ஆனால் அதிலிருக்கும் கனமான தூசி வளையாமல் நேரே மேலே போய்விடும். வாயு அதிகம், தூசி குறைவு. எண் உண்மையைவிடக் குறைவாக வரும். மெதுவாக உறிஞ்சினால் இதற்கு நேர்மாறு, எண் அதிகமாக வரும். நுண்துகள் பதர் மாதிரி வாயுவோடு வளைந்து வந்துவிடுவதால் அதில் இந்த வித்தியாசம் குறைவு.

மூன்றாவது, காற்று கலப்பது. பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் வைத்துப் பார்ப்பது எதற்கு? தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தானே. புகையிலும் வெளிக்காற்று கலந்தால் ஒரு கன மீட்டரில் இருக்கும் தூசி குறைந்த மாதிரி தெரியும். ஊருக்குள் வந்து விழும் தூசி ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்கத்தான் புகையில் ஆக்சிஜனையோ கரியமில வாயுவையோ அளக்கிறார்கள். உதாரணமாக, அனல் மின் நிலையங்களில் 6 சதவீத ஆக்சிஜன் என்ற அளவுக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். புகையில் 13.5 சதவீத ஆக்சிஜன் இருந்தால், அளந்த எண்ணை இரண்டு மடங்காக்க வேண்டும். இந்தத் திருத்தம் போடாத எண், தண்ணீர் கலந்த பாலுக்குப் போட்ட விலை.

வெப்பத்துக்கும் இதே மாதிரி திருத்தம் உண்டு. பூரி சூட்டில் உப்புவது போல வாயுவும் சூட்டில் உப்பும். அதனால் 25 டிகிரி வெப்பத்துக்கு மாற்றித்தான் எழுத வேண்டும். 150 டிகிரி சூடான புகையில் ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வந்தால், திருத்திய எண் சுமார் 142. அறிக்கையில் ‘மி.கி./நார்மல் கன மீட்டர்’ என்று போட்டிருந்தால் இந்தத் திருத்தம் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

நான்காவது, அளந்த நாள். நெல் அவிக்காமல் பாய்லர் சும்மா எரிந்துகொண்டிருக்கிற நாளில் அளந்தால் எண் சின்னதாகத்தான் வரும். முழு வேலை நடக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். எவ்வளவு எரிபொருள் போட்டார்கள், எவ்வளவு உற்பத்தி நடந்தது என்பதை அறிக்கையில் எழுத வேண்டும்.

நுண்துகளைத் தனியாக அளக்க முடியுமா?

முடியும். ஆனால் நாம் மேலே பார்த்த திம்பிள் முறை மொத்தத் தூசியின் எடையைத்தான் சொல்லும். பெரியது எவ்வளவு, சிறியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 10 மைக்ரான் துகள் ஒன்றின் விட்டம் 2.5 மைக்ரான் துகளைப்போல 4 மடங்கு. ஒரே பொருளாக இருந்தால் எடை 4 x 4 x 4 = 64 மடங்கு. அதாவது ஒரு பெரிய துகளைத் தடுத்துவிட்டு 60 நுண்துகளை வெளியே விட்டால்கூட, எடைக் கணக்கில் ஆலை முன்னேறியதாகவே தெரியும். பல ஆலைகளில் இருக்கும் ‘சைக்ளோன்’ இப்படித்தான். புகையைச் சுழல விட்டுக் கனமான தூசியை ஓரத்தில் ஒதுக்கிக் கீழே விழ வைக்கும். நுண்துகளில் பெரும்பகுதி அதில் மாட்டாது. நுண்துகளைப் பிடிக்க துணிப்பை வடிகட்டியோ, மின்சாரத்தால் தூசியை ஈர்க்கும் கருவியோ வேண்டும்.

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ‘201ஏ’ என்று ஒரு முறை வைத்திருக்கிறது. 2010 டிசம்பரில் அதைத் திருத்தி 2.5 மைக்ரான் அளவையும் சேர்த்தார்கள். புகை உறிஞ்சும் குழாயின் நுனியிலேயே கைக்கு அடக்கமான இரண்டு சைக்ளோன்களை அடுத்தடுத்து மாட்டுகிறார்கள். முதலாவது 10 மைக்ரானுக்கு மேல் உள்ளதை ஒதுக்கும். இரண்டாவது 2.5 மைக்ரானுக்கு மேல் உள்ளதை ஒதுக்கும். மிச்சம் வடிகட்டியில் விழுவது நுண்துகள். முதலில் பெரிய கண் சல்லடை, அடுத்து சின்னக் கண் சல்லடை என்று மாவு சலிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் தண்ணீரில் கழுவப்பட்டு, நீர்த்துளிகளோடு வரும் ஈரப் புகைக்கு இந்த முறை ஒத்துவராது.

இன்னொரு விஷயம் உண்டு. சூடான புகையில் சில பொருட்கள் ஆவியாகவே இருக்கும். வடிகட்டியைத் தாண்டிப் போய்விடும். வெளியே வந்து குளிர்ந்ததும் நுண்துகளாக மாறிவிடும். சாதம் கொதிக்கும்போது ஆவி கண்ணுக்குத் தெரியாமல் போய், மூடியில் பட்டு முத்து முத்தாகத் தண்ணீராவது போல. இதைப் பிடிக்க அதே நாட்டில் ‘202’ என்ற முறையில் வடிகட்டிக்குப் பிறகு வாயுவை 30 டிகிரிக்கும் கீழே குளிர வைத்து, படிவதையும் சேர்த்து எடை போடுகிறார்கள்.

நம் நாட்டில் ஆலைகளுக்கான வரம்புகள் பெரும்பாலும் மொத்தத் துகளுக்கே இருக்கின்றன. ஊர்க் காற்றுக்கு மட்டும் நுண்துகள் அளவு தனியாக உண்டு. அதனால் ‘வரம்புக்குள்’ என்ற அறிக்கை நுண்துகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

யார் அளக்கிறார்கள் என்பதும் முக்கியம்

நம் குழுக் கணக்கைத் தணிக்கை செய்கிறவரை, கணக்கு எழுதுகிறவரே தேர்ந்தெடுத்து, அவரே கூலியும் கொடுத்தால் என்ன ஆகும்? குஜராத்தில் ஆலைகளின் புகை, கழிவு நீர் தணிக்கை அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. தணிக்கையாளரை ஆலையே தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கும்.

2009 முதல் 2011 வரை அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகளில், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. 2019-இல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் நடத்தியது. பழைய முறையில் நூற்றுக்கு 7 ஆலைகள்தான் துகள் வரம்பைத் தாண்டியதாகத் தணிக்கையாளர்கள் எழுதியிருந்தார்கள். வேறு ஆட்களை வைத்து மறுபடி அளந்தபோது நூற்றுக்கு 59 ஆலைகள் தாண்டியிருந்தன. எழுதப்பட்ட எண்களில் பல, வரம்புக்குக் கொஞ்சம் கீழே வரிசையாக வந்து நின்றன.

இன்னொரு பகுதி ஆலைகளுக்கு முறையை மாற்றினார்கள். எந்தத் தணிக்கையாளர் எந்த ஆலைக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுத்தார்கள். சில இடங்களில் சொல்லாமல் போய் மறுபடி அளந்து சரிபார்த்தார்கள். எண்கள் உண்மைக்குப் பக்கத்தில் வந்தன. அதுமட்டுமல்ல, அந்த ஆலைகளின் மாசும் குறைந்தது. கருவி அதுவேதான், திம்பிளும் அதுவேதான். மாறியது தணிக்கை நடந்த விதம் மட்டும்.

எந்நேரமும் அளக்கும் கருவி

சிமெண்ட், அனல் மின் நிலையம், சர்க்கரை, காகிதம் போன்ற 17 வகைப் பெரிய தொழில்களுக்கு, எந்நேரமும் அளந்து இணையம் வழியாக வாரியத்துக்கு அனுப்பும் கருவியைப் பொருத்தச் சொல்லி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. இந்தக் கருவிகளில் பல, புகையின் குறுக்கே ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு மறைகிறது அல்லது சிதறுகிறது என்று பார்ப்பவை. அதாவது கருவி பார்ப்பது ஒளியை, எடையை அல்ல. திம்பிளில் எடை போட்ட எண்ணோடு ஒப்பிட்டு அவ்வப்போது சரிசெய்தால்தான் அது சொல்வதை நம்பலாம்.

சூரத்தில் 2019-இல் இப்படிப்பட்ட கருவிகளை வைத்தே, எத்தனை கிலோ துகள் விடலாம் என்று ஆலைகளுக்குள் பங்கு பிரிக்கும் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த ஆலைகளின் துகள் மாசு 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக ஆய்வு காட்டுகிறது. ஒழுங்காக அளந்தால் குறைக்கவும் முடியும் என்பதற்கு இது சாட்சி.

எண்ணைப் படிக்கும்போது

வரம்பு தொழிலுக்குத் தொழில் மாறும். செங்கல் சூளைகளுக்கு 2022 பிப்ரவரி அறிவிக்கையின்படி 250 மில்லிகிராம். அனல் மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பர் அறிவிக்கையின்படி, 2003 முடிவதற்குள் வந்தவைக்கு 100, 2004 முதல் 2016 வரை வந்தவைக்கு 50, 2017 ஜனவரி முதல் வந்தவைக்கு 30. உங்கள் ஊர் ஆலைக்கு எவ்வளவு என்பது வாரியம் கொடுத்த இசைவாணையில் எழுதியிருக்கும்.

ஊர்க் காற்றுக்கான அளவு மைக்ரோகிராமில் இருக்கும். 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். 2009-இல் நம் நாடு வகுத்த அளவு, நுண்துகள் ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராம், ஓர் ஆண்டுச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15, 5. புகைபோக்கி எண்ணையும் ஊர்க் காற்று எண்ணையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாம் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

யாராவது அறிக்கையைக் காட்டினால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள்:

1. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அளந்தீர்கள்?
2. அன்று முழு வேலை நடந்ததா? என்ன எரித்தீர்கள், எவ்வளவு?
3. துளை எங்கே இருக்கிறது? வளைவிலிருந்து எத்தனை மீட்டர்?
4. எத்தனை புள்ளிகளில் அளந்தீர்கள்?
5. சம வேகத்தில் உறிஞ்சியதற்குக் கணக்கு இருக்கிறதா?
6. வெப்பத்துக்கும், கலந்த காற்றுக்கும் திருத்தம் போட்டிருக்கிறதா?
7. இது மொத்தத் துகளா, நுண்துகளா?
8. அளந்தது யார், அவருக்குப் பணம் கொடுத்தது யார்?

ஆலை காட்ட மறுத்தால், தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு வாரியத்தின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். இசைவாணை நகலும், கடைசியாக எடுத்த அளவு அறிக்கைகளும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, ஆலையிலிருந்து புகை மாதிரி எடுக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. நாம் ஏணியில் ஏறிப் போய் அளக்க முடியாது, ஏறவும் கூடாது. ஆனால் அளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அந்த ஊரில் என்ன நடந்தது?

குழுவில் கணக்கு நோட்டு எழுதத் தெரிந்த நாம் தூசி நோட்டு எழுதக் கூடாதா என்று தொடங்கினார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், ஆலையில் நெல் அவித்தார்களா, காற்று எந்தப் பக்கம், வடகத்தில் புள்ளி விழுந்ததா. தேங்காய் எண்ணெய் தடவிய வெள்ளைத் தட்டை மாடியில் வைத்தும் பார்த்தார்கள். (இது பெரிய தூசியைத்தான் காட்டும், நுண்துகளுக்கு இது சாட்சி ஆகாது.) ஆலையில் வேலை செய்கிற பெண்கள் முதலில் பயந்தார்கள். "மில்லை மூடிட்டா எங்க கூலிக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் மனுவில் ‘ஆலையை மூட வேண்டும்’ என்று எழுதவில்லை. ‘நெல் அவிக்கும் நாளில் முறைப்படி அளக்க வேண்டும், முடிவை எங்களுக்கும் சொல்ல வேண்டும்’ என்று மட்டும் எழுதினார்கள். இரண்டு குழுவும் கையெழுத்துப் போட்டன.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவையும் நோட்டின் நகலையும் கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள். முதல் முறை அளக்கவே முடியவில்லை. துளை வளைவுக்குப் பக்கத்திலேயே இருந்தது, நிற்க மேடையும் இல்லை. அப்படியானால் முந்தைய எண் எப்படி வந்தது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆலைக்காரர் மேடை கட்டி, சரியான இடத்தில் துளை போட்ட பிறகு, நெல் அவிக்கும் நாளில் அளந்தார்கள். எண் வரம்பைத் தாண்டியிருந்தது.

பார்த்தால், சைக்ளோனுக்கு அடியில் சாம்பல் விழும் இடத்து வால்வு தேய்ந்து போயிருந்தது. அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறி, கீழே விழுந்த சாம்பலை மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதைச் சரிசெய்தார்கள். தூசி நோட்டு இன்னொன்றையும் காட்டியது. நெல் அவிக்காத சில நாட்களிலும் காற்று அடித்தால் புள்ளி விழுந்திருந்தது. அது திறந்த வெளியில் குவித்து வைத்த சாம்பல் மேட்டிலிருந்து வந்தது. புகைபோக்கியை எத்தனை முறை அளந்தாலும் அது தெரிந்திருக்காது. இப்போது சாம்பலைத் தண்ணீர் தெளித்து மூடி வைக்கிறார்கள்.

வடகத்தில் புள்ளி விழுவது நன்றாகக் குறைந்துவிட்டது. கடைக்காரர் மறுபடி வாங்குகிறார். யாருடைய கூலியும் போகவில்லை. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். வால்வைச் சரிசெய்ததால் பிடிபட்டது பெரிய தூசிதான். நுண்துகளைப் பிடிக்கத் துணிப்பை வடிகட்டி வேண்டும். அதற்குச் செலவு அதிகம் என்கிறார் ஆலைக்காரர். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நோட்டும் இரண்டாவது நோட்டாகி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த அக்காவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். காகிதத்தை அப்படியே நம்பவும் வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம். அந்த எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். ரசீது இல்லாத செலவை நம் குழுவில் ஒப்புக்கொள்வோமா? அதே கண்டிப்புதான் இங்கேயும்.

உங்கள் ஊரிலும் ஆலையோ சூளையோ இருந்தால், அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதுங்கள்.